எழுதினது நீங்க, ஆனா அது யார்கிட்ட இருக்கு? பிளாக் ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம்

புதுசா பிளாக் எழுத வர்றவங்க கேக்குற முதல் கேள்வியே பெரும்பாலும் இதுதான், "நான் எழுதினத யாராவது சுட்டுட்டா என்ன பண்றது, காப்பிரைட் எங்க போய் வாங்கணும்?" பதில் சின்னது. எங்கயும் போக வேணாம், ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு. எழுதி சேவ் பண்ண நிமிஷமே உரிமை வந்துடுது. 1886-ல பல நாடுகள் சேந்து போட்ட பெர்ன் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 1908-ல அத திருத்தும்போது பதிவு, முத்திரை, அறிவிப்புன்னு எந்த சடங்கும் இல்லாமலே எழுதினவருக்கு உரிமை சேரணும்னு விதி வச்சாங்க, இன்னிக்கு 180-க்கும் மேல நாடுகள் அதுல சேந்திருக்கு. எழுதினவர் இருக்கற வரைக்கும், அவர் போனதுக்கப்புறம் குறைஞ்சது 50 வருஷத்துக்கும் அந்த உரிமை நிக்கும். இது குறைஞ்சபட்சம்தான், இந்தியாவுல 60, அமெரிக்காவுலயும் ஐரோப்பிய ஒன்றியத்துலயும் 70.

பக்கத்தோட அடியில காப்பிரைட் சின்னம், வருஷம், பேரு எல்லாம் போடறாங்களே அது? அமெரிக்கா 1989-லதான் இந்த ஒப்பந்தத்துல சேந்துச்சு, அதுக்கு முன்னாடி அங்க வெளியிடற எதுலயும் அந்த அறிவிப்பு இல்லன்னா உரிமையே போற அபாயம் இருந்துச்சு, அந்த காலத்து பழக்கம் அப்படியே ஒட்டிக்கிட்டு வருது. போட்டா நஷ்டம் இல்ல, போடலன்னாலும் உங்க உரிமை எங்கயும் போகாது. ஒரே ஒரு விஷயம், அமெரிக்க படைப்புன்னா அங்க கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர் பண்ணியாகணும். எழுதினத உங்களுக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி பிரிக்காம வச்சுக்கோங்கன்னு ஒரு வைத்தியம் இன்னும் சுத்திக்கிட்டிருக்கு, அத விட்டுடுங்க. ரைட் கிளிக்க பிளாக் பண்றதும் அதே ரகம், திருட வர்றவன் அதால நிக்க மாட்டான், ஒரு வரிய நண்பருக்கு அனுப்பலாம்னு காப்பி பண்ண வந்த நல்ல வாசகர்தான் கடுப்பாவாரு.

அப்ப பிரச்சனை எங்க? "என் எழுத்து என்னோடது"ன்னு சொல்றோமே, அதுக்குள்ள மூணு சமாச்சாரம் ஒண்ணா கிடக்கு. சட்டப்படி உரிமை யாருக்கு, வாசகர் தேடி வர்ற முகவரி யார் பேர்ல இருக்கு, எழுத்தோட நகல் எங்க இருக்கு. முதலாவது ஓசியிலயே கிடைச்சுடுது, ஆனா எல்லாருடைய கவலையும் அது மேலதான். பிளாக்கர்ங்க நிஜமா பறிகொடுக்கறது மத்த ரெண்டையும்தான், அதையும் திருடன்கிட்ட இல்ல, தான் நம்பி உக்காந்திருந்த தளத்துக்கிட்டயும் தன்னோட மறதிக்கிட்டயும்.

முதல்ல அந்த உரிமை எதுக்கு கிடைக்குதுன்னு பாத்துடலாம், ஏன்னா இங்க நிறைய பேருக்கு குழப்பம். ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, தகவலுக்கும் கிடையாது, ஒரு வேலைய செய்யற முறைக்கும் கிடையாது. நீங்க அத சொன்ன விதம் இருக்கு பாருங்க, வாக்கியம், வரிசை, தேர்வு, உதாரணம், அதுக்குத்தான். இதுக்கு நல்ல உதாரணம் 1991-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஃபெய்ஸ்ட் வழக்கு. ஒரு டெலிபோன் கம்பெனி தன்னோட வாடிக்கையாளர் பேரையும் நம்பரையும் அகர வரிசையில அடுக்கி டைரக்டரி போட்டுச்சு, ஃபெய்ஸ்ட்ங்கற இன்னொரு கம்பெனி அதுலேந்து எடுத்து தன்னோட டைரக்டரியில போட்டுக்கிச்சு. காப்பி அடிச்சது எப்படி தெரிஞ்சதுன்னா, யாராவது சுட்டா மாட்டட்டும்னு முதல் கம்பெனி உள்ள சில பொய் பேரையும் சொருகி வச்சிருந்தது, அதுல நாலு அப்படியே அங்க போயிருந்துச்சு. கையும் களவுமா பிடிச்சாச்சு. ஆனாலும் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, பேரும் நம்பரும் வெறும் தகவல், அகர வரிசையில அடுக்கறதுல சொந்த சரக்கு எதுவும் இல்ல, எவ்ளோ கஷ்டப்பட்டு சேத்தீங்கங்கறது கணக்குல வராது, அதனால காப்பிரைட் மீறல் இல்லன்னு. அதனால நீங்க நாள் கணக்கா உக்காந்து திரட்டின ஒரு பட்டியல இன்னொருத்தர் எடுத்து தன் வார்த்தையில எழுதினா வயிறு எரியும், ஆனா சட்டப்படி பெருசா ஒண்ணும் செய்ய முடியாம போகலாம். ஐரோப்பாவுல தரவுத்தளத்துக்குன்னு தனி பாதுகாப்பு இருக்கு, அது வேற கணக்கு.

இதோட மறுபக்கம் உங்களுக்கு சாதகமானது. நீங்க எழுத நினைச்ச தலைப்புல ஏற்கனவே ஆயிரம் பேர் எழுதியிருந்தா என்ன, தலைப்ப யாரும் பட்டா போட முடியாது. ஒரிஜினல்னா உலகத்துல யாருமே யோசிக்காதத யோசிக்கறதுன்னு நினைச்சு நிறைய பேர் ஆரம்பிக்காமலே நிக்கறாங்க, சட்டம் கேக்கறது ரொம்ப கம்மி, உங்ககிட்டேந்து வந்திருக்கணும், கொஞ்சமாவது உங்க தேர்வு அதுல இருக்கணும், அவ்ளோதான்.

ஆனா சட்டம் கேக்கறத விட வாசகர் கொஞ்சம் அதிகமாவே கேப்பாரு. ஒரு உதாரணத்த கிட்ட வச்சு பாப்போம். எங்கயோ ஒரு கட்டுரையில இப்படி ஒரு வரி இருக்குன்னு வைங்க: "லித்தியம் பேட்டரியை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்திருந்தால் அதன் ஆயுள் கூடும்." ஒருத்தர் இத "பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமெனில் சார்ஜ் 20-க்குக் குறையாமலும் 80-ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்"னு மாத்தறாரு. ஒரு வரியோட நின்னா தப்பே இல்ல, அந்த தகவல் பொதுச்சொத்து. ஆனா கட்டுரை முழுக்க அதே வரிசை, அதே உதாரணம், அவர் ஜோக் அடிச்ச இடத்துல இவரும் அதே ஜோக்கு, வார்த்தைக்கு மட்டும் சட்டை மாத்தி விட்டா அது நகல்தான், கோர்ட்டும் அப்படித்தான் பாக்க வாய்ப்பு அதிகம். இப்ப மூணாவது ஆள பாருங்க, அவர் தன்னோட பழைய போன்ல பேட்டரி ஹெல்த் பக்கத்த திறந்து அதுல இருக்கற சதவீதத்த ஸ்கிரீன்ஷாட் எடுக்கறாரு, ராத்திரி முழுக்க சார்ஜர்ல போட்டு தலகாணிக்கு அடியில வச்சு தூங்கின பழக்கத்த சொல்றாரு, சூடுதான் பேட்டரிக்கு எமன்னு அப்புறமா புரிஞ்சத சொல்றாரு, 80-ல நிறுத்தற ஆப்ஷன போட்டதும் வெளியூர் போற அன்னிக்கு சாயங்காலமே போன் படுத்துக்கிச்சுன்னு திட்டறாரு, கடைசியில "வீட்டுல இருக்கற நாளுக்கு 80, பயணத்துக்கு 100"ன்னு தனக்கு ஒத்து வர்ற முடிவுக்கு வர்றாரு. தகவல் அதே தகவல்தான். ஆனா இந்த கட்டுரைய யாராவது சுட்டா அந்த ஸ்கிரீன்ஷாட்டும் தலகாணியும் காட்டிக் கொடுத்துடும், அந்த டைரக்டரியில இருந்த பொய் பேரு மாதிரி.

எழுதினது நீங்களா இருந்தும் உரிமை உங்களுக்கு இல்லாம போற இடங்களும் இருக்கு. சம்பளத்துக்கு வேலை பாக்கும்போது அந்த வேலையோட பகுதியா எழுதினது பொதுவா கம்பெனிக்குத்தான் சொந்தம், அதனால ஆபீஸ்ல எழுதின ரிப்போர்ட்ட லேசா தட்டி சொந்த பிளாக்ல போடறதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு பாத்துக்கோங்க. வேற தளத்துக்கு காசு வாங்கிட்டு எழுதிக் கொடுத்தா உரிமைய மொத்தமா எழுதி கொடுத்தீங்களா, இல்ல ஒரு தடவ வெளியிட அனுமதி மட்டும் கொடுத்தீங்களாங்கறது ஒப்பந்தத்த பொறுத்தது, வாய்ப்பேச்சோட விட்டா பின்னாடி தலைவலி.

படம் இன்னொரு கண்ணிவெடி. கூகுள் இமேஜ் சர்ச்சுல வந்தா ஓசின்னு அர்த்தம் இல்ல, அடியில "நன்றி: கூகுள்"னு போட்டாலும் அது அனுமதி ஆகாது, கூகுள் அந்த படத்த எடுக்கவும் இல்ல. விக்கிப்பீடியா எழுத்த எடுத்துக்கலாம், ஆனா சும்மா இல்ல, அது கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற, நிபந்தனையோட மத்தவங்க எடுத்துக்க முன்கூட்டியே அனுமதி தர்ற உரிமத்துல இருக்கு, மூலத்த சொல்லணும், அந்த பகுதிய நீங்களும் அதே உரிமத்துல விடணும். "முப்பது செகண்ட் வரைக்கும் ஓகே", "பத்து சதவீதம் வரைக்கும் ஓகே"ன்னு சொல்றாங்களே, அப்படி ஒரு பொது விதியே கிடையாது, எதுக்காக எடுத்தீங்க, எவ்ளோ எடுத்தீங்க, அதனால மூலத்தோட பொழப்பு கெடுதான்னு எல்லாத்தையும் சேத்துத்தான் பாப்பாங்க.

ஏஐ கிட்ட எழுத சொல்லி அப்படியே போடறதப் பத்தியும் சொல்லிடறேன். அமெரிக்காவுல மனுஷன் படைச்சாத்தான் காப்பிரைட்டுன்னு கோர்ட்டுகள் திரும்ப திரும்ப சொல்லிட்டு வருது, 2025 மார்ச்சுல அப்பீல் கோர்ட்டும் ஒரு ஏஐ படத்து வழக்குல அதையே உறுதி பண்ணுச்சு. அதாவது நீங்க எதையும் செய்யாம மெஷின் துப்பினத போட்டா அத வேற யாராவது எடுத்துக்கிட்டாலும் அந்த ஊர்ல "என்னோடது"ன்னு சொல்ல உங்ககிட்ட பிடி இல்ல. எல்லா நாட்டுலயும் இதே மாதிரின்னு இல்ல, சட்டம் இன்னும் நகந்துட்டுதான் இருக்கு. என்னை கேட்டா எழுத்துப்பிழை பாக்கறதுக்கு, தலைப்பு யோசிக்கறதுக்கு வச்சுக்கோங்க, எழுதறது உங்க வேலையாவே இருக்கட்டும்.

இனிமேதான் அந்த ரெண்டாவது மூணாவது விஷயம், என் பார்வையில இதுதான் முக்கியம்.

ஏதாவது ஒரு தளத்துல அக்கவுண்ட் திறக்கும்போது படிக்காம ஓகே அமுக்கறோமே, அந்த நிபந்தனையில ஒரு இடத்துல "நீங்கள் இடும் உள்ளடக்கத்தின் உரிமை உங்களுடையதே"ன்னு மனசு குளிர ஒரு வரி இருக்கும். அதுக்கு அடுத்த பத்தியிலயே அத நகலெடுக்க, மாத்தியமைக்க, வெளியிட, காட்ட, "உலகளாவிய, ராயல்டி இல்லாத, பிரத்யேகமற்ற, பிறருக்கும் வழங்கக்கூடிய உரிமம்" எங்களுக்கு தர்றீங்கன்னு இருக்கும். பாத்ததும் பயம் வரும், ஆனா இதுல பாதி தேவையானதுதான், நகலெடுக்க அனுமதி இல்லன்னா அவங்க சர்வர்லேந்து உங்க பதிவ இன்னொருத்தர் போனுக்கு காட்டவே முடியாது. நீங்க கண்ண வச்சு பாக்க வேண்டியது ரெண்டு இடம். பிரத்யேகமற்றன்னு இருக்கா, இருந்தா நீங்க வேற எங்கயும் போட்டுக்கலாம், பிரத்யேக உரிமம்னு இருந்தா ஓடிடுங்க. அடுத்தது, நீங்க டெலிட் பண்ணா அந்த உரிமமும் முடியுதா, இல்ல நிரந்தரம்னு எழுதியிருக்கா.

ஆனா எவ்ளோ நல்ல நிபந்தனையா இருந்தாலும் கடைய மூடிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ஓசியில வெப்பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ 2009-ல யாஹூ மூடுச்சு. வாக்ஸ்னு ஒரு பிளாக் தளம் 2010-ல போச்சு. போஸ்டரஸ்ங்கற இன்னொரு பிளாக் தளத்த ட்விட்டர் 2012-ல வாங்கி 2013 ஏப்ரல்ல இழுத்து மூடுச்சு. 2003-லேந்து இருந்த டைப்பேட், காசு கட்டி பிளாக் வச்சிருந்தவங்களோட இடம், அதுவே 2025 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சுது. மைஸ்பேஸ்ங்கற சோஷியல் மீடியா தளம் மூடக்கூட இல்ல, சர்வர் மாத்தும்போது பழைய படம், வீடியோ, பாட்டெல்லாம் போயிடுச்சுன்னு 2019-ல தெரிய வந்துச்சு. இத்தனையிலயும் எழுதினவங்களோட காப்பிரைட் துளி கூட குறையல, அது பாட்டுக்கு சட்டப் புத்தகத்துல பத்திரமா இருக்கு, எழுத்துதான் இல்ல. இரவல் சேலைய நம்பி இடுப்பு கந்தைய எறிஞ்ச கதைன்னு நம்ம ஆளுங்க சொல்றது இதத்தான்.

அதுக்காக எல்லாரும் சர்வர் வாங்கி வச்சு லினக்ஸ் கத்துக்கணும்னு சொல்லல. டொமைன், அதாவது உங்க சைட்டோட முகவரிப் பேரு, அத மட்டும் வாங்கிடுங்க, முதல் நாளே. அது உங்க கையில இருந்தா பின்னாடி எழுத்து எந்த சர்வர்ல இருந்தாலும் வாசகருக்கு தெரியாது, பிளாக்கர் மாதிரி இலவச தளத்துலயே சொந்த டொமைன மாட்டிக்கலாம், நாளைக்கு அது பிடிக்கலன்னா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வேற இடம் போய் டிஎன்எஸ் செட்டிங்ல (எந்த முகவரி எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற இடம்) முகவரிய அந்த பக்கம் திருப்பிவிட்டா போதும், பதிவோட லிங்க் அமைப்பையும் பழைய மாதிரியே வச்சுட்டா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எவரோ கொடுத்த லிங்க்கும் வேலை செய்யும். தளம் கொடுத்த ஓசி முகவரியில இருந்தீங்கன்னா அந்த முகவரிய கையோட எடுத்துட்டு போக முடியாது, பேரு சம்பாதிச்சதெல்லாம் அவங்க முகவரியிலயே தங்கிடும்.

டொமைன்ல நடக்கற பெரிய கூத்து என்னன்னா, சைட் செஞ்சு கொடுத்த நண்பரோ டிசைனரோ தன் பேர்ல, தன் மெயில் ஐடியில வாங்கி வச்சிருப்பாரு. நல்ல மனசோடதான் செஞ்சிருப்பாரு. ஆனா ரிஜிஸ்ட்ரார், அதாவது டொமைன பதிவு பண்ணி கொடுக்கற கம்பெனி, அவங்க கண்ணுக்கு உரிமையாளர் அவர்தான், நாளைக்கு அவர் வேலை மாறி, நம்பர் மாறி, ரினிவல் மெயில பாக்காம விட்டா நீங்க வேடிக்கை பாக்கணும். இப்பவே ரிஜிஸ்ட்ரார் அக்கவுண்ட்ல லாகின் பண்ண முடியுதா, உரிமையாளர் இடத்துல உங்க பேரும் மெயிலும் இருக்கான்னு பாத்துடுங்க. டொமைனும் சொந்தம்னு சொல்றோமே தவிர அது குத்தகைதான், டாட் காம் மாதிரி பேர ஒரே தடவையில அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் எடுக்க முடியும். ரினிவல் விட்டுப் போனா உடனே பறிபோகாது, ரிஜிஸ்ட்ரார பொறுத்து கொஞ்ச நாள் சலுகை இருக்கும், அதையும் தாண்டி டெலிட் ஆச்சுன்னா 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதுல கூடுதலா ஒரு தொகைய கட்டி மீட்டுக்கலாம், அதையும் விட்டா யார் வேணா எடுத்துக்கலாம், எடுத்து அதுல சூதாட்ட விளம்பரம் போடறவங்க கூட உண்டு.

நகல் விஷயத்துக்கு வருவோம். "பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்"னு சொல்றவங்கள்ல பாதி பேர் எடுத்தத திறந்து பாத்திருக்க மாட்டாங்க. வேர்ட்பிரஸ்ல எக்ஸ்போர்ட் அமுக்கினா ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வரும், அதுல பதிவு, தேதி, வகை, கமென்ட் எல்லாம் இருக்கும், படம் இருக்காது, படம் எங்க இருக்குங்கற லிங்க் மட்டும்தான் இருக்கும். புது இடத்துல இம்போர்ட் பண்ணும்போது அந்த லிங்க்க பிடிச்சு பழைய சைட்லேந்து படத்த இழுத்துக்கும், பழைய சைட் செத்துப் போயிருந்தா இழுக்க என்ன இருக்கு? அதனால மீடியா ஃபோல்டர தனியா இறக்கி வைக்கணும். என்னோட வழக்கம், முதல்ல கம்ப்யூட்டர்ல சாதா டெக்ஸ்ட் ஃபைலா எழுதறது, படத்தையும் அதே ஃபோல்டர்ல போடறது, அப்புறம்தான் சைட்ல ஏத்தறது. மூல நகல் வீட்டுல, வெளிய இருக்கறது பிரதி. மெயில்ல சந்தாதாரர் வச்சிருந்தா அந்த பட்டியலையும் அப்பப்ப சிஎஸ்வி-யா (எக்செல்ல திறக்கற மாதிரி ஒரு ஃபைல்) இறக்கிடுங்க, அது ஆளுங்களோட தகவல், பத்திரமா வைங்க.

சோஷியல் மீடியாவே வேணாமான்னா அப்படி இல்ல, ஆள் அங்கதான் இருக்கு. முதல்ல உங்க சைட்ல போடுங்க, அப்புறம் அங்க பகிருங்க, எழுத்து அவங்கவங்க சொந்த சைட்லயே இருக்கணும்னு சொல்ற இண்டிவெப்காரங்க ரொம்ப நாளா சொல்லிட்டு வர்ற வரிசை இது. வேற தளத்துல முழு கட்டுரையும் மறுபடி போடறதா இருந்தா அங்க கெனானிக்கல் லிங்க் உங்க சைட்ட காட்டறாப்ல வைக்க முடியுமான்னு பாருங்க, தேடுபொறிக்கு மூலம் எதுன்னு சொல்ற குறிப்பு அது, 2009-லேந்து இருக்கு.

இவ்ளோவும் செஞ்சும் யாராவது சுட்டா? கோவத்துல உடனே கமென்ட்ல போய் கத்தாதீங்க, அவர் டெலிட் பண்ணிட்டு இல்லவே இல்லன்னுடுவாரு. முதல்ல தேதியோட ஸ்கிரீன்ஷாட், அப்புறம் அந்த பக்கத்தையும் உங்க பக்கத்தையும் வேபேக் மெஷின்ல (வெப்பக்கங்கள தேதியோட சேத்து வைக்கற தளம்) சேவ் பண்ணுங்க. அடுத்து மரியாதையா ஒரு மெயில், நிறைய பேர் இதுலயே எடுத்துடுவாங்க, சில பேருக்கு தப்புன்னே தெரியாது. மசியலன்னா அந்த சைட்ட ஹோஸ்ட் பண்ற கம்பெனிக்கு எழுதணும். அமெரிக்க கம்பெனியா இருந்தா 1998-ல வந்த டிஎம்சிஏங்கற டிஜிட்டல் காப்பிரைட் சட்டப்படி நகல எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம், அதுக்கு வக்கீல் கட்டாயம் இல்ல, உங்க மூலத்தோட லிங்க், நகலோட லிங்க், உங்க தொடர்பு விவரம், நல்லெண்ணத்தோடதான் சொல்றேன்னும் சொன்னது சரின்னும் உறுதிமொழி, கையெழுத்து, இவ்ளோதான். எதிராளி "இது என்னோடதுதான்"னு பதில் நோட்டீஸ் கொடுத்தா, நீங்க கேஸ் போடாத பட்சத்துல 10-லேந்து 14 வேலை நாளுக்குள்ள திரும்ப போட்டுடுவாங்க. பிடிக்காத விமர்சனத்த எடுக்க வைக்க இத பயன்படுத்தினீங்கன்னா, தெரிஞ்சே பொய் சொன்னதுக்கு நீங்களே நஷ்டஈடு கட்ட வேண்டி வரலாம்.

மத்தவங்க எடுத்தா பரவாயில்ல, பேரு மட்டும் போட்டா போதும்னு நினைக்கறவங்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் இருக்கு. மூலம் சொன்னா போதும், வியாபாரத்துக்கு கூடாது, மாத்தக்கூடாதுன்னு உங்க நிபந்தனைய கலந்து தேர்ந்தெடுக்கலாம். ஒண்ணு ஞாபகம் வைங்க, அத திரும்ப வாங்க முடியாது, நாளைக்கு மனசு மாறி உரிமத்த எடுத்தாலும் ஏற்கனவே எடுத்தவங்களுக்கு பழைய அனுமதி செல்லும். ஏஐ பாட், அதாவது சைட் சைட்டா போய் எழுத்த திரட்டற புரோகிராம், வந்து மேயறத தடுக்க ரோபோட்ஸ் ஃபைல்ல (யார் எத எடுக்கலாம்னு பாட்டுக்கு சொல்ற சின்ன ஃபைல், உங்க சைட்ல வைக்கறது) எழுதி வைக்கலாம், அது 1994-லேந்து இருக்கற ஒரு மரியாதை ஏற்பாடு, மதிக்கற பாட் நிக்கும், மதிக்காதது உள்ள வந்துடும்.

இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல. உங்களுக்கு அப்புறம் 50, 60, 70 வருஷம்னு காப்பிரைட் வாரிசுக்கு போகும், சட்டம் பாத்துக்கும். டொமைன யாரு பாத்துப்பா? கார்டு வேலை செய்யலன்னா அடுத்த ரினிவல்லயே போயிடும், வீட்டுல இருக்கறவங்களுக்கு எந்த கம்பெனியில வாங்கினீங்கன்னே தெரியாது. கூகுள் அக்கவுண்ட்ல இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒரு வசதி 2013-லேந்து இருக்கு, நீங்க குறிச்ச மாசக்கணக்கு வரைக்கும் அக்கவுண்ட்ல நடமாட்டம் இல்லன்னா நீங்க சொன்ன ஆளுக்கு தகவல் போகும், வேணும்னா டேட்டாவும் கிடைக்கும், பிளாக்கர்ல எழுதறவங்க இன்னிக்கே அத போட்டு வைக்கலாம். மத்தவங்க ரிஜிஸ்ட்ரார் பேரு, ஹோஸ்டிங் கம்பெனி பேரு, எந்த மெயில் ஐடி, நகல் எந்த டிரைவ்ல இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி நம்பகமான ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க, பாஸ்வேர்ட தாள்ல எழுதாம பாஸ்வேர்ட் மேனேஜரோட அவசர அனுமதியில வைங்க.